சம்பந்திக்குப் பின்கட்டில் பந்தி

சான் தெல்மோவில் திருவிழா நாளன்று யார் வீட்டுக்குள்ளும் யாரும் நுழையலாம். வாசலில் நின்று கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். வந்தவர் யார், எந்த ஊர், யாருக்கு என்ன உறவு என்று அவர் சாப்பிட்டு எழும் வரைக்கும் கேட்கக் கூடாது. கேட்டால், அந்த வீட்டுக்காரிக்குச் சோறு போட மனசில்லை என்று அடுத்த திருவிழா வரை ஊர் மெல்லும். பம்பங்கா மாகாணத்துக்காரர்களுக்கு இதில் அப்படி ஒரு பெருமை. எமெங்குக்கும் இருந்தது, இந்த வருஷம் வரைக்கும்.

எமெரென்சியானா என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். அவ்வளவு நீளத்துக்கு அவளைக் கூப்பிட யாருக்கும் பொறுமையில்லாததால் ஊருக்கு அவள் எமெங். கோயில் தெருவில் வீடு. கணவன் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. திருவிழாவுக்கு அவள் வைக்கும் கல்தெரேத்தாவைப் போல இந்தத் தெருவில் யாரும் வைப்பதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவளும் அவள்தான். ஆட்டுக்கறி, தக்காளிச் சாறு, ஈரல் விழுது, ஆலிவ், மேலே கை நிறையச் சீஸ். ஸ்பானியப் பாதிரியாரின் சமையல்கட்டில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தா வழியாக வந்த அசல் பக்குவம் என்று, ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு தட்டோடும் சேர்த்து அதையும் பரிமாறுவாள்.

அதே கொள்ளுத்தாத்தாவின் இன்னொரு வாரிசு, ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் கௌதென்சியோ. எமெங்கின் தம்பி. வீட்டில் தென்சியோங். காலையிலேயே வந்து, பொரித்த பன்றித்தோலை ஒவ்வொன்றாக வாயில் போட்டபடி அக்காவின் வாயைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு வரப்போற அந்த ஸ்பெயின்காரச் சம்பந்தியம்மா முன்னாடியும் கொள்ளுத்தாத்தா கதையைச் சொல்லப் போறியாக்கா?"

"கதை என்னடா கதை? அவரு சமையல்கட்டுல இல்லேன்னா இந்தக் கைப்பக்குவம் எங்கேர்ந்து வந்துச்சாம்?"

"பாதிரியாரோட குதிரைக்குப் புல்லு வெட்டிப் போட்டாருன்னுதான் அப்பா சொல்லுவாரு."

"குதிரை லாயம் சமையல்கட்டுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. வாசனை வராதா?"

"முந்நூறு வருஷம் நம்ம நாட்டை ஆண்டு அந்த ஸ்பெயின்காரங்க நமக்குக் கொடுத்தது வரியும் பேரும்தான். சமையல்லாம் நம்மளுது."

"அப்ப அந்தத் தட்டைக் கீழ வை. பன்றியை இப்படிப் பொரிக்கச் சொல்லிக் கொடுத்தது யாரு, உன் சரித்திரப் புஸ்தகமா?"

தட்டு கீழே வரவில்லை. தென்சியோங்குக்குக் கொள்கை வேறு, பசி வேறு.

ஆனால் இந்த வருஷம் எமெங் கல்தெரேத்தா வைத்தது பெருமைக்காக மட்டும் இல்லை. அவள் மகள் லியோனிலா, லியோனி, எட்டு வருஷமாக மத்ரித்தில் இருக்கிறாள். 'ஒரு பெரிய வீட்டில் நிர்வாகம்' என்பது எமெங் ஊருக்குச் சொன்னது. நிர்வாகம் என்றால் பெருக்குவது, துணி தேய்ப்பது, சமைப்பது என்று ஊருக்கும் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் வெளிநாட்டில் ஏதாவதொன்றை நிர்வகிக்கும் ஒரு பெண் இருந்ததால் யாரும் குடைந்து கேட்டதில்லை. அந்தப் பெரிய வீட்டின் இளைய மகன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஃபாபியான், இப்போது லியோனியைக் கட்டிக்கொள்ளப் போகிறான். மாப்பிள்ளை வீட்டார் வந்து முறைப்படி பெண் கேட்காமல் எதுவும் நடக்காது என்று எமெங் பிடிவாதமாக நின்றுவிட்டாள். அதுவும் திருவிழா அன்றுதான் வரவேண்டும் என்றாள்.

சந்தோஷமான செய்திதான். ஆனால் நிச்சயம் ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் லியோனியின் ஃபோன் ஒரே மாதிரி முடிந்தது. "அம்மா, சென்யோராவுக்கு விருந்தாளிங்க வந்திருக்காங்க, பரிமாறணும், அப்புறம் பேசறேன்." மாமியாராகப் போகிறவளை இன்னும் அவள் சென்யோரா, அதாவது எஜமானியம்மா, என்றுதான் சொன்னாள். வேலைக்காரியாக நுழைந்த வாசல் வழியாகவே மருமகளாகவும் நுழைந்து, அதே அடுப்பின் முன்னால், இனிமேல் சம்பளமும் இல்லாமல் நிற்கப் போகிறாளோ என்று எமெங் கவலைப்பட்டாள். அந்தம்மா வந்து இந்த வீட்டுப் பந்தியைப் பார்க்கட்டும். தன் நாட்டுச் சாப்பாடு தலைமுறை தலைமுறையாக இங்கே நடப்பதைப் பார்த்தால், யார் வீட்டுப் பெண் என்று புரியும். இதுதான் எமெங்கின் கணக்கு.

அதனால் மேஜையில் எதுவும் பாக்கியில்லை. கல்தெரேத்தா, முட்டையும் காரட்டும் டின் சாசேஜும் வைத்துச் சுருட்டி நூலால் கட்டி வேகவைத்த மாட்டிறைச்சி மோர்கோன், வயிற்றில் கறி அடைத்த கோழி ரெல்யேனோ, முட்டை மஞ்சள் கருவிலேயே பிழைக்கும் இனிப்பான லேச்சே ப்ளான். எல்லாம் ஸ்பானியப் பெயர். பின்கட்டு அடுப்படியில், பாத்திரம் தேய்க்க வந்த பெண்களுக்காக ஒரு மண்சட்டியில் அதோபோ கொதித்துக்கொண்டிருந்தது. பன்றிக்கறி, பூண்டு, மிளகு, பனங்கள்ளைப் புளிக்கவைத்து எடுத்த வினிகர். தினசரி சாப்பாடு அது. திருவிழா மேஜையில் அதை வைப்பது கல்யாணப் பந்தியில் பழைய சோறு வைப்பது மாதிரி.

லியோனி ஒத்தாசைக்கு முன்னதாகவே ஊருக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளையும் அவன் அம்மா தோன்யா எடெல்மிராவும் சான் பெர்னாந்தோ நகரத்து ஹோட்டலிலிருந்து காரில் வருவதாக ஏற்பாடு. ஊர் முனையில் சாமி ஊர்வலத்துக்காகத் தெருவை மறித்திருந்தார்கள். காரைவிட்டு இறங்கி இரண்டு பேரும் நடந்தார்கள். அங்கேதான் வழக்கம் தன் வேலையைக் காட்டியது.

முனை வீட்டு வாசலில் ஒரு குடும்பமே நின்று "வாங்க, சாப்பிட வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தது. ஃபாபியான், "லியோனிலா?" என்று கேட்டிருக்கிறான். "லியோனிலாவா! ஆமாமா! முதல்ல சாப்பிடுங்க!" என்றார்கள். பெண் வீட்டில் இவ்வளவு உபசாரமா என்று அம்மாவும் பிள்ளையும் நெகிழ்ந்து போய் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அது வேறு வீடு என்று தெரிந்தது. அதற்குள் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். அங்கேயும் அதே கேள்வி, அதே பதில், அதே கல்தெரேத்தா. லியோனி விடாமல் ஃபோன் அடித்தாள். தெருவில் இரண்டு பேண்ட் கோஷ்டிகள் போட்டி போட்டுக்கொண்டிருந்தபோது யாருக்குக் கேட்கும்?

மூன்றாவதாக அவர்களைப் பிடித்தது எதிர்வீட்டு பாசிங். எமெங்குக்கும் அவளுக்கும் கல்தெரேத்தாவை முன்னிட்டு நெடுநாள் புகைச்சல். யார் என்று கேட்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். யார் என்று நன்றாகத் தெரிந்தும் தெரியாத மாதிரி சோறு போட்டது பாசிங் சொந்தமாகச் சேர்த்த மசாலா.

எமெங் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உயரமான, ஒல்லியான வெள்ளைக்காரம்மா ஒருத்தி, கையில் விசிறியுடன், பாசிங்கின் கூடத்தில் முழி பிதுங்க உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டில் பாசிங் மோர்கோனை அடுக்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் பெண் வீட்டுக்கென்று மத்ரித்திலிருந்து கொண்டுவந்த பாதாம் மிட்டாய்ப் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது.

"அய்யோ, அது சென்யோராம்மா!" என்றாள் லியோனி. "நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"ஏய், நில்லு! அடுத்த வீட்டு மேஜைலேர்ந்து விருந்தாளியை எழுப்பிட்டு வந்தோம்னா அப்புறம் இந்தத் தெருவுல நம்ம மூஞ்சியில யாரு முழிப்பா?"

தென்சியோங் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தான். "கவலைப்படாதேக்கா. முந்நூறு வருஷம் நம்மளைத் தின்னவங்க. இன்னும் ஒரு வீடு தாங்குவாங்க."

தாங்கவில்லை. எமெங்கின் வாசலுக்கு வந்தபோது ஃபாபியான் பெண்ணைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டுக் கூடத்து நாற்காலியில் சாய்ந்தவன், அப்படியே தூங்கிப்போனான். தோன்யா எடெல்மிரா மேஜைக்கு முன்னால் உட்காரவைக்கப்பட்டாள். அவளுக்குப் பின்னாலேயே பாசிங்கும் பாதித் தெருவும் உள்ளே வந்தன. திருவிழாவில் யார் வீட்டுக்குள்ளும் யாரும் நுழையலாம் அல்லவா? எமெங்கின் அசல் பக்குவத்துக்கு அசல் ஸ்பெயின்காரி என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்க எல்லாரும் சுவரோரமாக நின்றார்கள்.

மேஜையைப் பார்த்ததும் அந்தம்மாவின் முகம் சற்று வெளிறியது. அதே சிவப்புக் குழம்பு. அதே சுருட்டு. ஒரு கரண்டி கல்தெரேத்தாவை வாயில் வைத்து, விழுங்கி, நீளமாக ஏதோ சொன்னாள். எமெங் மகளைப் பார்த்தாள்.

"நல்லாயிருக்காம்மா," என்றாள் லியோனி.

"இவ்வளவு நேரம் பேசினாங்க, அவ்வளவுதானா?"

"ரொம்ப நல்லாயிருக்காம்."

கல்லூரியில் ஸ்பானிஷ் கட்டாயப் பாடமாக இருந்தபோது படித்த கடைசி ஆட்களில் தென்சியோங் ஒருவன். அந்தப் பாடத்தை அவன் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறான். இன்று முதல்முறையாக அது பிரயோஜனப்பட்டது.

"நான் சொல்றேன்," என்று தொண்டையைச் செருமினான். "காலையிலேர்ந்து போன வீட்டிலெல்லாம் இதையே வைக்கிறாங்களே, இது இந்த ஊரோட விசேஷப் பண்டமா, இதுக்கு என்ன பேருன்னு கேக்குறாங்க. அவங்க நாட்டுல இந்த மாதிரி எதையும் அவங்க பார்த்ததே இல்லையாம்."

சுவரோரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பாசிங் என்று திரும்பிப் பார்க்காமலே எமெங்குக்குத் தெரிந்தது.

"கல்தெரேத்தான்னு சொல்லுடி," என்றாள் எமெங். "அவங்க பேருதானே அது."

லியோனி சொன்னாள். எடெல்மிரா ஆச்சரியத்தோடு தட்டைக் குனிந்து பார்த்தாள். எங்கள் ஊரிலும் அந்தப் பெயரில் ஒன்று உண்டு, ஆனால் அதில் சீஸும் ஈரலும் இத்தனை இனிப்பும் யார் போடுவார்கள் என்றாள். மோர்கோனும் அப்படியே. ரெல்யேனோவும் அப்படியே. பெயரைக் கேட்கக் கேட்க அவள் புருவம் மேலே போனது. தெருவில் யாரோ ஒருவன் நம் தகப்பன் பெயரைத் தன் தகப்பன் பெயர் என்று சொல்லிக்கொண்டு எதிரே வந்தால் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்தாள். தென்சியோங் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான். கொள்ளுத்தாத்தா சமையல்கட்டைவிட்டு இறங்கி, ஊரார் முன்னிலையில், குதிரை லாயத்துக்கே நடந்துகொண்டிருந்தார்.

அப்போது பின்கட்டிலிருந்து காற்று திரும்பியது. எடெல்மிரா விசிறியை நிறுத்தினாள். மூக்கு விரிந்தது. அது என்ன வாசனை என்று கேட்டாள்.

"அது ஒண்ணுமில்லைன்னு சொல்லு. வேலைக்காரங்களுக்கு வச்சது," என்றாள் எமெங்.

லியோனி அதற்குள் எழுந்துபோய் ஒரு சின்னத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். எடெல்மிரா ஒரு வாய் தின்றாள். கண்ணை மூடினாள். மூன்று வீட்டுச் சாப்பாடு இறங்கிய வயிற்றில் நாலாவதாக இடம் எப்படிக் கிடைத்ததோ, தட்டு காலியானது. பிறகு அவள் பேசிய பேச்சை லியோனி மொழிபெயர்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தென்சியோங்தான் சொன்னான், முகம் தொங்கிப்போய்.

"இது அவங்க வீட்டுப் பழைய சமையல்னு சொல்றாங்க. கல்யாணமாகி வந்தப்போ அவங்க மாமியார் கத்துக்கொடுத்ததாம். மத்ரித்துல ஞாயித்துக்கிழமை விருந்துன்னா இதுதானாம். சாப்பிட்டவங்க எல்லாரும் கேட்டுக் கேட்டு எழுதிட்டுப் போறாங்களாம். கடைசியா பொரிச்ச பூண்டைத் தூவுறதுகூட இதே மாதிரியாம்." வாழ்நாளெல்லாம் அதோபோ நம்முடையது, நம்முடையது என்று வகுப்பெடுத்தவன் அவன். "இதையுமா?" என்று முனகிக்கொண்டு நாற்காலியைத் தேடினான்.

கூடம் கொல்லென்று பொங்கியது. "பார்த்தீங்களா, ஸ்பெயின்காரம்மாவே சொல்லிட்டாங்க! எமெங் கை அசல் ஸ்பெயின் கைதான்!" பாசிங்கின் முகம் சுண்டிப்போனது.

எமெங் ஜெயித்துவிட்டாள். ஆனால் அவள் சிரிக்கவில்லை. பொரித்த பூண்டைக் கடைசியில் தூவுவது இந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான். லியோனி மத்ரித்துக்குத் திரும்பும்போதெல்லாம் பெட்டியில் உடுப்பைவிட அதிகமாக அவள் வினிகர் பாட்டில்தான் அடுக்குவாள். 'இவ்வளவு எதுக்குடி?' என்று கேட்டால், 'அங்க எல்லாருக்கும் பிடிக்கும்மா' என்பாள். பிடித்திருக்கிறது. மாமியார் கற்றுக்கொடுத்தது என்று சொல்கிற அளவுக்குப் பிடித்திருக்கிறது.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். லியோனி அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். எமெங்குக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கூடவே பாழாய்ப்போன கொள்ளுத்தாத்தாவும் ஞாபகத்துக்கு வந்தார். பொய்யைப் பாட்டன் முப்பாட்டன் தலையில் கட்டுவதில் தனக்கு ஒரு ஜோடி, கடல் கடந்து வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறது. சமையலுக்காகச் சண்டை போட அவளுக்கு என்ன யோக்கியதை?

அந்த நேரத்தில் எடெல்மிரா திரும்பிப் பார்க்காமலேயே காலித் தட்டை வலது தோளுக்கு மேலே நீட்டினாள். லியோனி ஏற்கெனவே அங்கே, நாற்காலிக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எப்போது போய் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. தட்டு கை மாறியது. இருவருக்கும் அதில் ஒன்றும் விசேஷமில்லை. எட்டு வருஷப் பழக்கம்.

எமெங் மேஜையைச் சுற்றி மகளிடம் வந்தாள்.

"உட்காரு," என்றாள்.

"இதோ, கொஞ்சம் போட்டுக் கொண்டுவந்துட்டு..."

"உட்காருடீன்னா!"

பேண்ட் சத்தத்தையும் மீறி அது கேட்டது. லியோனி உட்கார்ந்தாள். எமெங் அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி, இன்னொரு கையால் தோன்யா எடெல்மிராவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தென்சியோங், சொல்லு. இந்த வீட்டுல வந்தவங்களுக்குத்தான் மேஜையில பரிமாறுவோம். வீட்டு மனுஷங்க பின்கட்டுக்குப் போய் அவங்கவங்களே சட்டியிலேர்ந்து போட்டுக்குவோம். சம்பந்தியம்மா வந்தவங்களா, வீட்டு மனுஷியான்னு கேளு."

தென்சியோங் கேட்டான். அப்படி ஒரு கேள்விக்கு ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு பதில்தான் சொல்ல முடியும். தோன்யா எடெல்மிரா எழுந்தாள்.

பின்கட்டில் புகை. பாத்திரம் தேய்க்கும் பெண்கள் குந்தியிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், வெள்ளைக்காரம்மாவைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டார்கள். எமெங் அவள் கையில் அகப்பையைக் கொடுத்தாள். எடெல்மிரா தானே குனிந்து, இடுப்பில் செருகப் புடவைத் தலைப்பு இல்லாததால் பட்டுச் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, சட்டியிலிருந்து போட்டுக்கொண்டாள். நிமிரும்போது அடுப்புக்கு மேலே பலகையைப் பார்த்தாள். வரிசையாகப் பழைய ரம் பாட்டில்கள். வாயில் வாழைச்சருகு அடைத்து, மோர்கோன் கட்டும் நூலால் நாலு சுற்றுச் சுற்றி முடிந்தவை. உள்ளே வினிகர்.

அதே பாட்டில்கள் மத்ரித்தில் அவள் சமையலறை அலமாரியிலும் நின்றன. அதே சருகு, அதே நூல், அதே முடிச்சு. எடெல்மிராவின் காது மடல் வரை சிவப்பு ஏறியது. அது புகையால் இல்லை.

மொழிபெயர்க்க யாரும் இல்லை. எமெங் தன் பாஷையிலேயே பேசினாள். "உங்க மாமியார்னே சொல்லிக்குங்க. நான் என் கொள்ளுத்தாத்தான்னு சொல்லிக்கிறேன். யாரு வந்து கேக்கப் போறாங்க? ஆனா எம்பொண்ணு உட்கார்ந்து சாப்பிடணும். உங்க பின்னாடி நிக்கக் கூடாது." ஒரு பாட்டிலை எடுத்து எடெல்மிராவின் கையில் திணித்தாள்.

எவ்வளவு புரிந்ததோ. எடெல்மிரா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பலகையிலிருந்து இன்னொரு தட்டைத் தானே எடுத்தாள்.

கூடத்துக்குத் திரும்பியபோது அவள் இரண்டு கையிலும் தட்டு இருந்தது. ஒன்றைத் தன் இடத்தில் வைத்தாள். இன்னொன்றை லியோனிக்கு முன்னால் வைத்தாள். லியோனி பதறி எழப்போனாள். தோளில் கை வைத்து அழுத்தி உட்காரவைத்தது அம்மா இல்லை. நாற்காலியில் விழித்துக்கொண்ட ஃபாபியான் இன்னும் கனவுதான் என்று நினைத்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

கல்யாணம் செப்டம்பரில் நடந்தது. அடுத்த திருவிழாவில் கோயில் தெரு மேஜைகளில் எல்லாம் நடுநாயகமாக அதோபோ வந்துவிட்டது. ஸ்பெயின்காரம்மாவே ஒப்புக்கொண்ட அசல் ஸ்பானியப் பண்டம், கண்ணாடிக் கிண்ணத்தில். பாசிங்கின் பாட்டனாரும் இப்போது பாதிரியார் வீட்டில் வேலை பார்த்திருக்கிறார். தென்சியோங் சான் தெல்மோவில் அதோபோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறான். அக்கா வீட்டுப் பின்கட்டில் சாப்பிடுவது அதில் சேராது.

திருவிழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எமெங் மத்ரித்துக்கு ஃபோன் போட்டாள்.

"அம்மா, அப்புறம் பேசட்டுமா? விருந்தாளிங்க வந்திருக்காங்க."

"பரிமாறணுமா?"

"இல்லம்மா. சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். ஆறிடும். அத்தைதான் இன்னிக்கு அதோபோ வச்சாங்க."

"எப்படியிருக்கு?"

லியோனி குரலைத் தாழ்த்தினாள். "வினிகர் தூக்கல். பூண்டைக் கருக்கிட்டாங்க. எல்லார்கிட்டயும் அவங்க மாமியார் சொல்லிக் கொடுத்ததுன்னு சொல்லிக்கிட்டிருக்காங்க."

"சொல்லிட்டுப் போகட்டும்," என்றாள் எமெங். "நீ நல்லா சாய்ஞ்சு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லு."